பாடவேறுபாட்டை அளத்தல்: தமிழ்ச் சுவடி ஆய்வில் உகப்பாக்கமும் படிமுறைகளும் திறக்கும் ஆய்வு வாய்ப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தெரிதல், புணர்ந்த தொடரைச் சொற்களாகப் பிரித்தல், ஒரு நூலின் படிகளுக்கிடையே உள்ள உறவைக் கண்டறிதல் ஆகிய மூன்றும் தமிழாய்வின் அடிப்படைப் பணிகள். இவை மூன்றையும் கணிப்பியலில் உகப்பாக்கச் சிக்கல்களாக வரையறுக்க முடியும். இவற்றைத் தீர்ப்பதற்கான படிமுறைகள் பல ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் எந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்விக்கு அப்படிமுறைகளில் விடை இல்லை. அவ்விடையைத் தமிழ் எழுத்து, புணர்ச்சி, யாப்பு ஆகியவற்றை அறிந்தவரே தர இயலும். அவர் தராதபோது கணினிக் குறியீட்டு முறையின் தற்செயலான அமைப்பே அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதனைச் சிறு எடுத்துக்காட்டுகளால் விளக்கி, இதிலிருந்து எழும் ஆய்வு வாய்ப்புகளை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: உகப்பாக்கம், படிமுறை, பாடவேறுபாடு, திருத்தத் தொலைவு, புணர்ச்சி பிரித்தல், சுவடி மரபுமரம்.

1. முன்னுரை

பல வழிகளுள் குறைந்த செலவுடையதை அல்லது மிகுந்த பயனுடையதைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலை உகப்பாக்கம் என்பர். இத்தகைய சிக்கலுக்கு மூன்று உறுப்புகள் உண்டு. தேர்ந்தெடுக்கக்கூடிய விடைகளின் தொகுதி முதலாவது. ஒரு விடை ஏற்கத்தக்கதா என்பதை வரையறுக்கும் கட்டுப்பாடுகள் இரண்டாவது. ஏற்கத்தக்க விடைகளுள் எது சிறந்தது என்பதை எண்ணால் சொல்லும் இலக்குச் சார்பு மூன்றாவது. இம்மூன்றும் தரப்பட்டபின் விடையைக் கண்டடையும் முறையான செயல்வரிசையே படிமுறை, அதாவது அல்காரிதம்.

கணிப்பியல் துறையின் உழைப்பு பெரும்பாலும் படிமுறையின் மீதே குவிந்திருக்கிறது. விடை சரியானதா, எவ்வளவு நேரத்தில் கிடைக்கும், நினைவகம் எவ்வளவு தேவை என்பன அத்துறையின் கேள்விகள். இலக்குச் சார்பைப் பெரும்பாலும் சிக்கலைக் கொண்டுவருபவரே தரவேண்டும். தமிழ் ஆய்வாளருக்குரிய இடம் இதுதான். நிரல் எழுதத் தெரியாமையால் தமக்கு இத்துறையில் இடமில்லை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. சிக்கலின் மிகவும் கடினமான உறுப்பு அவர்கள் கையில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. இரண்டு பாடங்களுக்கிடையே உள்ள தொலைவு

இரு சரங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை எண்ணாகக் கூறும் முறையை 1965இல் விளாதிமிர் லெவன்ஷ்டைன் வகுத்தார். ஒரு குறியை நீக்குதல், ஒரு குறியைச் சேர்த்தல், ஒரு குறிக்குப் பதில் மற்றொன்றை இடுதல் ஆகிய மூன்று செயல்களுக்கும் தலா ஒரு செலவு என்று கொள்வோம். முதற்சரத்தை இரண்டாம் சரமாக மாற்றத் தேவைப்படும் மிகக்குறைந்த செலவே அவற்றின் திருத்தத் தொலைவு.

இதனைக் கணக்கிட எல்லா வழிகளையும் முயன்று பார்க்க வேண்டியதில்லை. முதற்சரத்தின் முதல் சில குறிகளுக்கும் இரண்டாம் சரத்தின் முதல் சில குறிகளுக்கும் உள்ள தொலைவை ஓர் அட்டவணையில் படிப்படியாக நிரப்பிக்கொண்டே சென்றால், கடைசிக் கட்டத்தில் முழு விடை கிடைக்கும். ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்திய மூன்று கட்டங்களை மட்டுமே சார்ந்தது. ரிச்சர்டு பெல்மன் 1950களில் வளர்த்தெடுத்த டைனமிக் புரோகிராமிங் என்னும் இயங்குநிலைத் திட்டமிடலின் எளிய பயன்பாடு இது. தலா 1,000 குறிகள் கொண்ட இரு பாடங்களை ஒப்பிட 10 லட்சம் கட்டங்கள் போதும். இன்றைய கணினிக்கு இது மிகச் சிறிய வேலை.

ஆயினும் 'குறி' என்பது எது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. 'சேரல்', 'சொல்' என்ற இரு பாடங்களை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியின்படி முதற்சொல் ச, ஏகாரக் குறி, ர, ல, புள்ளி என ஐந்து குறியெண்களால் ஆனது. இரண்டாவது ச, ஒகரக் குறி, ல, புள்ளி என நான்கால் ஆனது. இவற்றின் தொலைவு 2. எழுத்தை அலகாகக் கொண்டு சே, ர, ல் என்றும் சொ, ல் என்றும் பகுத்தாலும் தொலைவு 2. ஒலியனை அலகாகக் கொண்டால், ஏகாரம் ஒகரமாக மாறி, ரகர மெய்யும் அகரமும் நீங்க வேண்டியிருப்பதால், தொலைவு 3.

இப்போது ஏட்டை நோக்குவோம். பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவ வேறுபாடு காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்படுகின்றன. ஆகவே ஒற்றைக்கொம்பு, ச, கால் அல்லது ர, ல என்ற ஒரே வரிவடிவ வரிசையே 'சேரல்' என்றும் 'சொல்' என்றும் படிக்கப்படும். ஏட்டு வடிவை அலகாகக் கொண்டால் இவ்விரு பாடங்களின் தொலைவு சுழியம்.

'அரசன்', 'அரசர்' என்ற இணையை இதனோடு ஒப்பிட்டால் சிக்கலின் தன்மை தெளிவாகும். குறியெண்ணாலும் எழுத்தாலும் ஒலியனாலும் இவற்றின் தொலைவு 1. ஏட்டிலும் னகரமும் ரகரமும் வேறு வடிவங்கள் ஆதலால் தொலைவு 1. எனவே குறியெண் கணக்கின்படி 'அரசன்/அரசர்' நெருங்கிய இணை. 'சேரல்/சொல்' விலகிய இணை. ஏட்டுக் கணக்கின்படி இது தலைகீழாகிறது. இரண்டு கணக்குக்கும் பயன்பட்ட படிமுறை ஒன்றே. அலகும் செலவும் மாறியதால் விடை மாறியது.

தொலைவு சுழியம் என்பதற்கு வேறுபாடு முக்கியமற்றது என்று பொருளில்லை. அவ்வேறுபாடு ஏட்டில் இல்லை, படித்தவரிடம் இருக்கிறது என்பதே பொருள். அத்தகைய இடத்தில் ஒரு பாடத்துக்கு ஏடுகளைச் சான்றாகக் காட்ட இயலாது. பொருளும் யாப்பும் உரையுமே முடிவு செய்யவேண்டும். இந்த வேறுபாட்டைக் காட்டாத ஒப்பீட்டு நிரல் பதிப்பாசிரியரைத் தவறான திசையில் செலுத்தும்.

மற்றுமொரு சிக்கல் ஒருங்குறிக்கே உரியது. 'சொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் முன்னதாகச் சீராக்கம் செய்யாமல் ஒப்பிட்டால், வேறுபட்ட முறையில் உள்ளிடப்பட்ட 'சொல்' என்னும் ஒரே சொல்லின் இரு வடிவங்களுக்கும் தொலைவு 2 என்று நிரல் காட்டும். இல்லாத பாடவேறுபாடு பட்டியலில் ஏறும்.

3. புணர்ச்சி பிரித்தல்

இரண்டாவது பணி, இடைவெளியின்றி எழுதப்பட்ட தொடரைச் சொற்களாகப் பிரிப்பது. 'கடலலை' என்பதில் சொல்லெல்லை லகர உயிர்மெய்க்குள் விழுகிறது. எனவே பிரிப்பு எழுத்தளவில் நிகழ இயலாது. ஒலியன் அளவில் நிகழவேண்டும். 30 ஒலியன்கள் கொண்ட தொடரில் 29 இடைவெளிகள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் வெட்டலாம் அல்லது வெட்டாமல் விடலாம் என்பதால் பிரிப்புகளின் எண்ணிக்கை 53,68,70,912. ஆனால் அத்தொடரில் உள்ள தொடர்ச்சியான துண்டுகள் 465 மட்டுமே. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செலவு தெரிந்தால், இயங்குநிலைத் திட்டமிடல் அத்துண்டுகளைக் கொண்டே குறைந்த செலவுடைய பிரிப்பைக் கண்டடைந்துவிடும்.

தமிழில் ஒவ்வொரு துண்டும் தன் மூலவடிவிலேயே இருப்பதில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய விகாரங்களைப் பின்னோக்கி அவிழ்க்க வேண்டும். 'பொற்குடம்' என்பதிலுள்ள றகர மெய் 'பொன்' என்பதன் னகரத்திலிருந்து வந்தது. 'கற்குவியல்' என்பதிலுள்ள அதே மெய் 'கல்' என்பதன் லகரத்திலிருந்து வந்தது. இலக்கண நூல்கள் புணர்ச்சியை முன்னோக்கிய விதிகளாகத் தருகின்றன. பின்னோக்கிச் செல்லும்போது ஒரு விளைவுக்குப் பல மூலங்கள் அமைகின்றன.

'நாடகமாடு' என்ற தொடர் இதற்குத் தக்க சான்று. நாடகம் + ஆடு என்று பிரிக்கலாம். நிலைமொழியின் மகர ஈறு கெடும் என்ற விதிப்படி நாடகம் + மாடு என்றும் பிரிக்கலாம். குற்றியலுகரம் கெடும் விதியைப் பயன்படுத்தி முதற்பகுதியை நாடு + அகம் என்றும் பகுக்கலாம். ஆக, விதிகள் அனுமதிக்கும் பிரிப்புகள் நான்கு. விதி நான்கையும் ஏற்கிறது. வழக்கு ஒன்றையே விரும்புகிறது. அந்த விருப்பத்தை எண்ணாக்குவதே இலக்குச் சார்பு.

வழக்கமான முறை, ஒரு சொல் தரவகத்தில் வரும் நிகழ்தகவின் மடக்கையை எதிர்க்குறியிட்டுச் செலவாகக் கொள்வது. விளக்கத்துக்காக, ஆயிரத்தில் ஒரு முறை வரும் சொல்லின் செலவு 3 என்றும், பத்தாயிரத்தில் ஒரு முறை வரும் சொல்லின் செலவு 4 என்றும் கொள்வோம். 'விற்பனை' முதல் வகையைச் சேர்ந்ததாகவும், 'வில்', 'பனை' இரண்டாம் வகையைச் சேர்ந்தவையாகவும் இருந்தால், 'விற்பனை' என்பதைப் பிரிக்காமல் விட்டால் செலவு 3. வில் + பனை என்று பிரித்தால் செலவு 8. நிரல் சரியாகவே முடிவெடுக்கும். ஆனால் இக்கால நாளிதழ்களிலிருந்து பெற்ற செலவுகளை அப்படியே சங்க இலக்கியத்துக்குப் பொருத்தினால், வில்லும் பனையும் மலிந்த நூலில் நிரல் வணிகத்தைத் தேடும். எந்தக் காலத்து, எந்த வகைமையின் தரவகத்திலிருந்து செலவைப் பெறுவது என்பது இலக்கிய வரலாற்று முடிவு.

மேலும், எல்லா இடங்களிலும் ஒரே விடைதான் சரி என்று கொள்ள முடியாது. 'எட்டு', 'தாமரை', 'வேங்கை' ஆகியவற்றை ஒருமொழியாகவும் தொடர்மொழியாகவும் நிற்கும் பொதுமொழிக்கு நன்னூல் உரை மரபு எடுத்துக்காட்டுகளாகக் காட்டுகிறது. வேங்கை ஒரு சொல். வேம் + கை இரு சொற்கள். சிலேடையில் புலவர் இரண்டையும் கருதியே பாடுகிறார். ஆகவே குறைந்த செலவுடைய ஒரு பிரிப்பை மட்டும் தரும் நிரல் சிலேடையை அழித்துவிடும். செலவில் நெருங்கிய முதற்சில விடைகளைத் தரவரிசையுடன் தரும் படிமுறைகள் உள்ளன. அவ்விடைகளுக்கிடையே உள்ள செலவு வேறுபாடு எவ்வளவு சிறிதாயின் அதனைச் சிலேடை எனக் கருதலாம் என்பது இன்னும் ஆராயப்பட வேண்டிய வினா.

4. சுவடிகளின் மரபுமரம்

மூன்றாவது பணி, கிடைத்துள்ள படிகளுள் எது எதிலிருந்து வந்தது என்பதைக் கண்டறிவது. 19ஆம் நூற்றாண்டில் கார்ல் லாக்மனின் பெயரால் நிலைபெற்ற பாடத்திறனாய்வு முறை, பொதுவான பிழைகளைக் கொண்டு படிகளைக் குடும்பங்களாகப் பகுக்கிறது. உயிரியலாளர் உயிரினங்களின் கால்வழியை வரையும் முறையும் அடிப்படையில் இதனோடு ஒத்தது. மிகக் குறைந்த மாற்றங்களால் எல்லாப் படிகளையும் விளக்கும் மரம் எதுவோ அதுவே சிறந்தது என்பது சிக்கனக் கொள்கை. சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலின் ஒரு பகுதியான பாத் நகரத்து மனைவியின் முன்னுரைக்குக் கிடைத்துள்ள 58 கையெழுத்துப் படிகளை உயிரியல் முறைகளால் ஆராய்ந்த கட்டுரை 1998இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அதன்பின் இத்துறை வேகமாக வளர்ந்துள்ளது.

இங்குக் கணக்கீடே கடினமானது. 4 படிகளை இணைக்கும் வேரற்ற இருகிளை மரங்கள் 3. 5 படிகளுக்கு 15. 10 படிகளுக்கு 20,27,025. 20 படிகளுக்கு அவ்வெண்ணிக்கை 21 இலக்கங்களைத் தொடுகிறது. சிக்கன மரத்தைக் காணும் சிக்கல் என்.பி. முழுமை வகையைச் சேர்ந்தது என்று ஃபூல்ட்ஸ், கிரகாம் ஆகியோர் 1982இல் நிறுவினர். எல்லா நிலைகளிலும் விரைவாகவும் துல்லியமாகவும் தீர்க்கும் படிமுறை இதற்கு இதுவரை கண்டறியப்படவில்லை. எனவே பெரிய தொகுதிகளுக்கு ஏறத்தாழச் சிறந்த விடையைத் தரும் உத்திகளே பயன்படுகின்றன.

தமிழுக்கு இதில் ஒரு தனி நிலை உண்டு. சங்க நூல்கள் பலவற்றுக்கு எஞ்சியுள்ள சுவடிகள் மிகக் குறைவு. இது இலக்கிய இழப்பு. ஆயினும் கணக்கீட்டு நோக்கில், ஏறத்தாழ பத்துப் படிகள் வரையில் எல்லா மரங்களையும் ஒன்றுவிடாமல் சோதித்துத் துல்லியமான விடை காண இயலும். உத்திகளால் நேரும் ஐயம் நீங்குகிறது. விடையில் தவறு இருப்பின் அது தரவிலோ இலக்குச் சார்பிலோதான் இருக்கவேண்டும்.

இலக்குச் சார்பில் இரு இடர்கள் உள்ளன. எல்லா மாற்றங்களுக்கும் ஒரே செலவு இடுவது முதல் இடர். 'அரசன்' என்பதை 'அரசர்' என்று எழுதுவது தொடர்பற்ற இரு ஏடெழுதுவோரிடம் தனித்தனியே நிகழக்கூடியது. அதே இடத்தில் ஓர் அடி விடுபட்டிருப்பது அவ்வாறு தற்செயலாக நிகழ்வது அரிது. பின்னதற்குப் பன்மடங்கு எடை தரவேண்டும். முன் காட்டிய 'சேரல்/சொல்' போன்றவற்றை ஏடுகளின் உறவுக்குச் சான்றாகவே கொள்ளக் கூடாது.

கலப்பு இரண்டாவது இடர். ஏடெழுதுவோர் ஒருவர் இரண்டு ஏடுகளை வைத்து ஒப்பிட்டு எழுதினால் அந்தப் படிக்கு இரு தாய்கள். மரம் உடைந்து வலைப்பின்னலாகிறது. அப்போது இலக்குச் சார்பு, மாற்றங்களின் மொத்தச் செலவோடு ஒவ்வொரு குறுக்கிணைப்புக்கும் ஒரு தண்டச் செலவைச் சேர்த்ததாக அமையும். தண்டம் சுழியமானால் எதையும் கலப்பால் விளக்கிவிடலாம். தண்டம் மிகப் பெரிதானால் கலப்பே இல்லை என்ற மரம் மீண்டும் வந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கு நிற்பது என்பதற்கு, மடங்கள், ஆசிரிய மரபுகள், தனியார் இல்லங்கள் ஆகியவற்றில் ஏடு எழுதப்பட்ட வரலாறே வழிகாட்ட முடியும்.

5. யாப்பு என்னும் கட்டுப்பாடு

இதுவரை செலவுகளைப் பற்றியே பேசினோம். தமிழ்ச் செய்யுளுக்கு வலிமையான கட்டுப்பாடும் உண்டு. வெண்பாவில் மா முன் நிரையும், விளம் முன் நேரும், காய் முன் நேரும் வருதல் வேண்டும். இவ்விதிகளை நிரலாக எழுதுவது எளிது. 'சேரல்' நேர்நேர் என இரண்டசையாகவும் 'சொல்' ஓரசையாகவும் அலகு பெறும். ஏட்டு வடிவம் பிரித்துக்காட்டாத இடத்தில் யாப்பு பிரித்துக்காட்டக்கூடும்.

ஆனால் கட்டுப்பாட்டை எங்கு இடுவது என்பதில் கவனம் தேவை. தளை பிறழாமை ஆசிரியர் இயற்றிய மூலத்துக்குரிய நிபந்தனை. ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் பாடத்துக்கு அந்நிபந்தனை இல்லை. ஏட்டில் தளை தட்டலாம். ஏட்டைப் படியெடுக்கும் கட்டத்திலேயே யாப்பைக் கட்டுப்பாடாக இட்டால், பிழைகள் திருத்தப்பட்டு, படிகளின் உறவைக் காட்டும் தடயங்கள் மறைந்துவிடும். மூலத்தை மீட்கும் கட்டத்தில் இடாவிட்டால், தமிழ் மரபு தந்த மிகச்சிறந்த சான்றைப் பயன்படுத்தாதவர் ஆவோம்.

6. ஆய்வு வாய்ப்புகள்

மேற்கண்டவற்றிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்கும் கூட்டாய்வுத் திட்டங்களுக்கும் ஏற்ற தலைப்புகள் சிலவற்றைத் தொகுக்கலாம்.

முதலாவது, எழுத்து மயக்கச் செலவு அட்டவணை. எந்த எழுத்து எந்த எழுத்தாக எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்பதை, ஒரே நூலின் பல ஏடுகளை வரிசைப்படுத்தி எண்ணிப் பெறலாம். செலவுகளைத் தரவிலிருந்தே கற்கும் முறைகள் 1990களிலேயே வகுக்கப்பட்டுவிட்டன. வரிவடிவ மயக்கம், ஒலி மயக்கம், பொருள் வழிப்பட்ட மாற்றம் என மூன்றையும் பிரித்துக் காட்டுவது தமிழ் ஆய்வாளரின் பங்கு. லகர ளகர ழகர மயக்கம் ஒலி வழிப்பட்டது; கால், ரகர மயக்கம் வரிவடிவ வழிப்பட்டது. இவ்விரண்டும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

இரண்டாவது, பின்னோக்கிய புணர்ச்சி இலக்கணம். தொல்காப்பிய, நன்னூல் விதிகளைத் தலைகீழாக்கி, ஒவ்வொரு விளைவுக்கும் உரிய மூலங்களை முழுமையாகப் பட்டியலிட்டு, கால வாரியாகச் செலவு தருதல்.

மூன்றாவது, பல படிகளை ஒருசேர வரிசைப்படுத்துதல். இரு பாடங்களுக்குப் பயன்பட்ட அட்டவணை முறையை 10 பாடங்களுக்கு நேரடியாக விரித்தால், தலா 1,000 குறிகளுக்கு 1-ஐ அடுத்து 30 சுழியங்கள் கொண்ட எண்ணளவு கட்டங்கள் தேவைப்படும். அடி, சீர் எல்லைகளை நங்கூரமாகக் கொண்டு இதனைச் சிறு சிக்கல்களாக உடைக்கலாம். உரைநடைக்கு இல்லாத இவ்வசதி செய்யுளுக்கு உண்டு. இது படிமுறைத் துறைக்கும் புதிய பங்களிப்பாக அமையும்.

நான்காவது, சிறு சுவடித் தொகுதிகளுக்குக் கலப்பை உள்ளடக்கிய துல்லிய வலைப்பின்னல் காணுதல்.

இவற்றுக்கு வேண்டிய மூலங்கள் கிடைக்கக்கூடியவையே. சென்னை உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றில் சுவடிகள் உள்ளன. ஈவா வில்டன் பதிப்பித்த நற்றிணை (2008), குறுந்தொகை (2010) செம்பதிப்புகள் பாடவேறுபாடுகளை விரிவாகப் பதிவுசெய்துள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் மின்னுரைகளை வழங்குகிறது. எனினும் மின்னுரை பெரும்பாலும் ஒரு பதிப்பின் முடிந்த வடிவம். அதில் ஏட்டின் நிலை தெரியாது. ஆகவே, ஏட்டில் கண்டதைப் புள்ளியின்றி, குறில் நெடில் முடிவு செய்யாமல் ஓர் அடுக்காகவும், படித்தவரின் பாடத்தை மற்றோர் அடுக்காகவும் பதிவுசெய்யும் படியெடுப்பே எல்லா ஆய்வுக்கும் முன்தேவை. ஒரு நூலின் ஒரு பகுதிக்கேனும் இதனைச் செய்து வெளியிடுவது தன்னளவில் முழுமையான ஆய்வுப் பங்களிப்பு.

வழிகாட்டுதலும் இதற்கேற்ப அமையவேண்டும். தமிழ்த்துறைப் பேராசிரியரும் கணிதம் அல்லது கணிப்பொறித்துறைப் பேராசிரியரும் இணைந்து வழிகாட்டும்போது, செலவு அட்டவணையை முன்னவரும் கணக்கீட்டுச் சரிமையை பின்னவரும் பொறுப்பேற்க இயலும். ஆய்வேட்டில் செலவு அட்டவணை முழுமையாக அச்சிடப்படவேண்டும். செலவுகளைச் சற்றே மாற்றினால் விடை நிலைக்கிறதா என்ற சோதனையும் இடம்பெற வேண்டும். சிறு மாற்றத்தில் சரியும் மரபுமரத்தைச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

7. முடிவுரை

'உகந்த விடை' என்று கணினி தருவது, கொடுக்கப்பட்ட இலக்குச் சார்புக்கு உகந்த விடை மட்டுமே. 'சேரல்', 'சொல்' இணையில் கண்டவாறு, அலகை மாற்றினால் 3 சுழியமாகிறது. செலவுகளைத் தமிழறிஞர் வரையறுக்காதபோது நிரல் நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 1 என்று தானே கொண்டு விடையைத் தந்துவிடுகிறது. அவ்விடை எண் வடிவில் வருவதால் அதற்கு ஐயத்துக்கிடமற்ற தோற்றமும் கிடைத்துவிடுகிறது. அதன்மேல் எழும் பதிப்பும் மரபுமரமும் பனையோலையின் மீது அமையாமல் ஒருங்குறி அட்டவணையின் மீது அமைந்தவை ஆகிவிடும்.

ஏடுகளைப் படித்தறியும் பயிற்சி உடையவர் எண்ணிக்கை குறைந்துவரும் இக்காலத்தில், அவர்களுடைய அறிவைச் செலவு அட்டவணைகளாகவும் கட்டுப்பாடுகளாகவும் பதிவுசெய்வது அவசரமான பணி. எந்த எழுத்து எதனோடு மயங்கும், எந்தப் பிழை தானே நேரும், எந்தப் பிழை வழிவழி வரும் என்பன அவர்கள் கைப்பழக்கத்தில் அறிந்தவை. அவற்றை எண்ணாக்கும் ஆய்வு இன்று தொடங்கினால், நாளைய படிமுறைகள் எவ்வளவு மாறினாலும் அவ்வெண்கள் பயன்படும்.